லண்டனில் ஒரு "ஹைட்ராலிக் பவர் ஸ்டேஷன்": அருவியும் இல்லை, அணையும் இல்லை, பின் எப்படி?

காலடிப்பேட்டை டீச்சர் எழுதியது:

வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருப்பவள் நான். முப்பது வருடம் சமூக அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். இப்போது பேரனைப் பார்த்துக்கொள்ள லண்டனுக்கு வந்திருக்கிறேன். மகன் வீடு ஷாட்வெல் பேசின் என்ற பழைய துறைமுகக் குளத்துக்கு அருகில் இருக்கிறது. "பேசின்" என்று கேட்டதுமே எனக்கு நம் பேசின் பிரிட்ஜ் நினைவுக்கு வந்து, ஊரே கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

காலையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தக் குளத்தைச் சுற்றி நடப்பேன். வாப்பிங் வால் என்ற தெருவில் செங்கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்றும், அதோடு ஒட்டிய சதுரக் கோபுரம் ஒன்றும் இருக்கின்றன. கோயில் இல்லை, தேவாலயமும் இல்லை. மகனைக் கேட்டேன். "ஹைட்ராலிக் பவர் ஸ்டேஷன் அம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான்.

அன்றிலிருந்து மண்டைக் குடைச்சல். பைக்காரா, குந்தா, மேட்டூர் என்று எத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! நீர்மின் நிலையம் என்றால் உயரத்திலிருந்து தண்ணீர் விழ வேண்டும். இந்த இடமோ நம் தண்டையார்பேட்டை மாதிரி தட்டை. தேம்ஸ் ஆறும் ஓசைப்படாமல் ஓடுகிறது. இங்கே என்ன மின்சாரம் எடுத்திருப்பார்கள்? அந்தக் கோபுரம் எதற்கு? கதவு பூட்டியிருப்பதால் உள்ளே எட்டிப்பார்க்கவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன். ஓரத்தில் தெரிவது என் விரல், பொறுத்துக்கொள்ளுங்கள்.


ராயபுரம்_13 எழுதியது:

டீச்சர், நான் கட்டடக்கலை மாணவன். இந்தக் கட்டடத்தை வகுப்பில் ஒருமுறை பார்த்திருக்கிறோம். லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி 1890-இல் கட்டியது. 1977 வரை ஓடியது. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருப்பதால் இடிக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு ஜூல்ஸ் ரைட் என்ற நாடக இயக்குநர் அதைக் கலைக்கூடமாகவும் உணவகமாகவும் மாற்றினார். பழைய பம்புகளை அப்புறப்படுத்தாமல் அவற்றுக்கு நடுவிலேயே மேசை நாற்காலி போட்டார்கள். 2013-இல் அது மூடப்பட்டது.

இயந்திரத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. தண்ணீரை மேலே ஏற்றி வைக்கும் தொட்டிதான் கோபுரத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊர் மேல்நிலைத் தொட்டி மாதிரி.

எனக்கு வருத்தம் வேறு. நம் பகுதியில் இப்படி ஒன்றையாவது வைத்திருக்கிறோமா? ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் கட்டியது. வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். அது நிற்கிறது, சரி. பி அண்ட் சி துணி மில்? 1996-இல் மூடியது. இன்று அந்தப் பக்கம் போய் "எங்கே மில்?" என்று கேட்டால் வயதானவர்கள்தான் கையை நீட்டுகிறார்கள்.


பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, வருத்தத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தொட்டியை இறக்கு. வாப்பிங் கோபுரத்தின் உள்ளே ஏறி இறங்கியது தண்ணீர்த் தொட்டி இல்லை. எடை!

டீச்சரம்மா, நான் வியாசர்பாடிக்காரன். வடசென்னையில் ஒரு பணிமனையில் முப்பத்துநான்கு வருடம் ஹைட்ராலிக் பிரஸ்ஸோடு குடித்தனம் நடத்தியவன். ரயில் சக்கரத்தை அச்சில் அழுத்தி ஏற்றும் பிரஸ். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் கீழே வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை. பெயர்தான் ஏமாற்றுகிறது. அங்கே ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்கவில்லை. விற்றது அழுத்தத்தை. நிலக்கரி போட்டுப் பாய்லரில் நீராவி எடுத்து, அந்த நீராவியால் பம்பை ஓட்டி, தண்ணீரைச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 800 பவுண்டு அழுத்தத்தில் தெருவுக்கடியில் போட்ட வார்ப்பிரும்புக் குழாய்களுக்குள் தள்ளினார்கள். நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 56 கிலோ. வேண்டியவர்கள் குழாயைத் திறந்து தங்கள் லிஃப்டையோ கிரேனையோ ஓட்டிக்கொண்டார்கள். மீட்டர் வைத்து, செலவான தண்ணீரைக் கேலன் கணக்கில் அளந்து கட்டணம் வாங்கினார்கள். மின்வாரியம் கம்பியில் செய்வதை இவர்கள் குழாயில் செய்தார்கள். முதல் நிலையம் 1883-இல் தேம்ஸின் தென்கரையில் வந்தது. பிறகு ஐந்து நிலையங்கள் சேர்ந்து, ஏறத்தாழ 290 கிலோமீட்டர் குழாய்க்குத் தண்ணீர் தள்ளின. வாப்பிங் அந்த ஐந்தில் ஒன்று. கிடங்கு கிரேன், ஓட்டல் லிஃப்ட், நாடக மேடையின் கனத்த திரை எல்லாம் இதில்தான் ஏறி இறங்கின.

ஏன் இப்படி ஒரு சுற்று வழி? துறைமுகக் கிரேனை நினைத்துப் பாருங்கள். ஒரு மூட்டைக் கட்டை ஒரு நிமிடம் தூக்கும். அடுத்த கட்டு வரும்வரை சும்மா நிற்கும். ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு பாய்லர் என்றால், நாள் முழுக்க நிலக்கரி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஓர் இடத்தில் எரித்துவிட்டால் ஆளும் மிச்சம், கரியும் மிச்சம், கிடங்கில் தீப்பிடிக்கும் பயமும் இல்லை.

இப்போது கோபுரம். வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்று ஒருவர், நியூகாசிலில் வக்கீலாக இருந்து இயந்திரத்துக்கு வந்தவர். முதலில் அவரும் நம் தம்பி மாதிரிதான் யோசித்தார்: உயரத்தில் தொட்டி வை, அழுத்தம் தானாக வரும். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-இல் அவருடைய இயந்திரங்களுக்காக எழுப்பிய கோபுரம் 94 மீட்டர். இத்தாலியில் சியனா நகரக் கோபுரத்தின் சாயல். இன்றும் நிற்கிறது. தொட்டி வைத்த உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அத்தனை செங்கல் அடுக்கியும் கிடைத்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோதான்! 56 வேண்டுமென்றால் தொட்டி 560 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் பத்துமுறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் போதாது.

பக்கத்து நியூ ஹாலந்து என்ற இடத்தில் மண் மோசம், கோபுரம் தாங்காது. அங்கேதான் மனிதர் வேறு வழி பிடித்தார். செங்குத்தாக நிறுத்திய ஓர் உருளை. அதற்குள் ஏறி இறங்கும் தடித்த இரும்புத் தண்டு, எங்கள் பாஷையில் ராம். ராமின் தலையில் பெரிய இரும்புக் கூடை. கூடை நிறையக் கல், சரளை, கசடு, கழிவு இரும்பு. பம்ப் உருளைக்குள் தண்ணீரைத் தள்ளினால் கூடை மேலே ஏறும். ஊரில் யாராவது குழாயைத் திறந்தால், கூடை தன் பாரத்தால் கீழே இறங்கித் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கும். இதற்கு அக்யூமுலேட்டர் என்று பெயர். ராமின் குறுக்களவு 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 56 கிலோ அழுத்தத்துக்குக் கூடையின் பாரம் சுமார் 110 டன் வேண்டும். காலி மாநகர பஸ் பத்து டன் என்றால் பதினொரு பஸ். அந்தப் பதினொரு பஸ்ஸும் ஒரே தூணில் ஏறி இறங்க இடம் வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் கோபுரம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதைச் "சேமிப்பு" என்று எழுதுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் இரவுப் பணியில் தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 110 டன் ஆறு மீட்டர் இறங்கினால் கிடைக்கும் சக்தி எவ்வளவு தெரியுமா? இன்றைய மின்கட்டணக் கணக்கில் இரண்டு யூனிட்கூட இல்லை. ஓர் ஏ.சி.யை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ தீர்ந்துவிடும். இதற்கா இவ்வளவு பெரிய கோபுரம் என்று சிரிப்பு வந்தது. பிறகுதான் புரிந்தது, அதன் வேலை சேர்த்து வைப்பதைவிடப் பதற்றத்தை அடக்குவது. ஐம்பது கிரேன் ஒரே நேரத்தில் இழுத்தால் பம்ப் திணறக் கூடாது. ஐம்பதும் ஒரே நேரத்தில் நின்றால் குழாய் வெடிக்கக் கூடாது. கூடை உச்சிக்கு வந்ததும் அதுவே நீராவி வால்வை மூடி இயந்திரத்தைத் தணிக்கும். இறங்கினால் திறந்துவிடும். கணினி இல்லாத காலத்தில் ஒரு கூடைக் கல் பார்த்த வேலை இது!

எங்கள் பணிமனையிலும் இதன் சின்னத் தம்பி ஒன்று இருந்தது. நான் சேர்ந்தபோதே அதைக் கழற்றி ஓரமாகக் கிடத்தியிருந்தார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, வேலை ஓய்ந்த மதிய நேரத்தில் அதன் ராம் மேல் கையை வைத்துத் தடவச் சொல்வார். கண்ணாடி மாதிரி வழவழப்பு. "இதில் ஒரு கீறல் விழுந்தால் பேக்கிங் ஒரு வாரத்தில் நாராகிவிடும்" என்பார். பேக்கிங் என்றால் ராமைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் திணிப்பு. இன்னொன்றும் சொல்வார்: ஒழுக்கு எங்கே என்று கையால் தேடாதே. 56 கிலோ அழுத்தத்தில் ஊசித்துளையிலிருந்து வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, விரலைக் கிழித்துவிடும். அட்டையை நீட்டிப் பார். இன்றுவரை நான் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் முதலில் அட்டையைத்தான் தேடுகிறேன், மனைவி சிரிப்பாள்.

அந்த ராமைப் பிறகு காயலான் கடைக் கணக்கில் எடைபோட்டு அனுப்பிவிட்டார்கள். நான் அன்று விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தரையில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.


எண்ணூர்க்காரன் எழுதியது:

அண்ணே, அருமை. நான் எண்ணூர் அனல்மின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூமில் இருந்தவன். 1970-இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, ஐந்து அலகுகளோடு 450 மெகாவாட் வரை போனது. 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பிறகு இடிப்பு வேலை தொடங்கியது. அதனால் ராயபுரம் தம்பியின் வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் ஒரு சந்தேகம். நாங்கள் செய்த சரக்கு மின்சாரம். 1890-இலேயே லண்டனில் மின்சாரம் வந்துவிட்டதே. அப்புறமும் தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு 1977 வரை எப்படிக் காலம் தள்ளினார்கள்? எங்கள் நிலையம் ஐம்பது வருடம்கூட நிற்கவில்லை. பொறாமையாக இருக்கிறது.


பழைய ஃபிட்டர் எழுதியது:

நல்ல கேள்வி. கெடாததை யார் மாற்றுவார்கள் என்பதுதான் பதில். ஹைட்ராலிக் லிஃப்ட் மெதுவாகப் போகும், ஆனால் குலுங்காது. அதில் கெடுவதற்கு ராமும் வால்வும் பேக்கிங்கும்தான் உண்டு. பேக்கிங் மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும். வைத்திருந்த வாடிக்கையாளர் அப்படியே வைத்துக்கொண்டார், புதிதாகக் கட்டியவர் மின்சாரம் போட்டுக்கொண்டார். மரம் பக்கவேர் விடவில்லை, ஆனாலும் உடனே பட்டுப்போகவில்லை. கடைசிக் காலத்தில் வாப்பிங்கிலேயே நீராவியை விட்டுவிட்டு, மின்மோட்டாரால் பம்பை ஓட்டினார்கள். எதிரியிடமே கூலிக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள்! போர்க்காலக் குண்டுவீச்சும், பிறகு பழைய துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடியதும்தான் முடித்து வைத்தன. தூக்குவதற்குச் சரக்கில்லாத இடத்தில் கிரேனுக்கு என்ன வேலை?

குழாய்களின் கதை இன்னும் வேடிக்கை. நிறுவனம் படுத்த பிறகு, 1980-களில் மெர்க்குரி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அவற்றை வாங்கிக் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்தது. தெருவைத் தோண்ட வேண்டிய வேலை மிச்சம். நம் ஊரில் இப்படி ஒரு குழாய் கிடைத்திருந்தால் வருடத்துக்கு எத்தனை பள்ளம் குறைந்திருக்கும்! சரி, விடுங்கள்.

மான்செஸ்டரிலும் 1894-லிருந்து 1972 வரை இதே ஏற்பாடு. அங்கே நகர மன்றக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததும் இந்தத் தண்ணீர் அழுத்தம்தான். அந்த ஊர்ப் பம்ப் நிலையக் கட்டடம் ஒன்று இன்று உழைக்கும் மக்களின் வரலாற்று அருங்காட்சியகம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. உணவகம் ஆனதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை, ஆனாலும் பம்பைக் கழற்றாமல் பக்கத்தில் சோறு போட்டவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

டீச்சரம்மா, ஒன்று செய்யுங்கள். வாப்பிங் பூட்டியிருந்தால் போகட்டும். உங்கள் வீட்டிலிருந்து கிழக்கே நடக்கும் தூரத்தில் லைம்ஹவுஸ் பேசின் இருக்கிறது. அங்கே ரயில் பாலத்தின் அருகில் எண்கோண வடிவில் ஓர் அக்யூமுலேட்டர் கோபுரம், 1869-இல் கட்டியது. மேற்கே போனால் டவர் பிரிட்ஜ். 1894-இல் திறந்தது. கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கியதெல்லாம் இதே முறைதான். அதற்குத் தனியாகப் பாய்லர், தனியாக ஆறு அக்யூமுலேட்டர். 1976 வரை நீராவியில் ஓடியது. அந்த இயந்திர அறையை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். நான் படத்தில் பார்த்ததுதான், பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. நீங்கள் போனால் எனக்காக ஒன்று பாருங்கள்: ராம் உருளைக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும், கிளாண்ட் என்போம். அதன் போல்ட்டுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.


ராயபுரம்_13 எழுதியது:

ஃபிட்டர் ஐயா, தொட்டியை இறக்கிவிட்டேன். ஆனால் போல்ட் எண்ணிக்கை எதற்கு?


பழைய ஃபிட்டர் எழுதியது:

எங்களுடையதில் எட்டு இருந்தது தம்பி. வேறொன்றும் இல்லை.

அப்புறம், கட்டடக்கலை படிக்கிறாய் என்பதால் சொல்கிறேன். வகுப்பில் இதைப் பற்றி எழுதினால் சுவரை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதே. பம்ப் நின்ற இடம், கூடை ஏறிய தடம், குழாய் தெருவுக்கு வெளியேறிய வாய், மூன்றையும் ஒரே கோட்டில் போட்டுக் காட்டு. அந்தக் கோடு இல்லாவிட்டால் டீச்சரம்மா நினைத்தது போலக் கோயிலா, தேவாலயமா என்று எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். ராயபுரம் ஸ்டேஷனுக்கும் இதே கணக்குதான். தூணைப் படம் எடுப்பவர்கள் ஆயிரம் பேர். தண்டவாளம் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது, எஞ்சினுக்குத் தண்ணீர் எங்கே பிடித்தார்கள் என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.


காலடிப்பேட்டை டீச்சர் எழுதியது:

ஐயா, பதில் எழுத பத்து நாள் ஆகிவிட்டது. பேரனுக்குச் சளி.

முதலில் லைம்ஹவுஸ் போனேன். எண்கோணம்தான், எட்டுப் பக்கத்தையும் எண்ணினேன். பூட்டியிருந்தது. ஆனால் இந்த முறை வெளியே நின்றே உள்ளே கூடை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. மேலே பாலத்தில் ரயில் போனபோது குழந்தை விழித்துக்கொண்டு அதையே பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகனையும் இழுத்துக்கொண்டு டவர் பிரிட்ஜ் இயந்திர அறைக்குப் போனோம். பாய்லர், நீராவி எஞ்சின் எல்லாம் துடைத்து வைத்திருக்கிறார்கள். அக்யூமுலேட்டரின் முன்னால் நின்று, நீங்கள் சொன்ன பதினொரு பஸ் கணக்கை மகனுக்குச் சொன்னேன். அவன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். "ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க நாங்களும் இப்படி ஒன்று நடுவில் வைப்போம் அம்மா" என்றான். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் புரியாவிட்டாலும் டீச்சர் குரல் புரிந்திருக்கும்.

போல்ட் விஷயத்துக்கு வருகிறேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடிந்தது. என் கண்ணுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பின்பக்கம் சுவர் மறைத்துவிட்டது. தெரிந்தவரை ஐந்து. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்திருக்கிறேன், இந்த முறை விரல் இல்லை.


பழைய ஃபிட்டர் எழுதியது:

படம் கிடைத்தது டீச்சரம்மா. பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் ஐந்து என்றால் சுற்றி எட்டுக்கு மேல்தான் வரும், எங்களுடையதைவிடப் பெரியது. ராம் மேல் கிரீஸ் தடவியிருக்கிறார்களே, பார்த்தீர்களா? இனி ஓடப்போவதில்லை, ஆனாலும் தடவியிருக்கிறார்கள்.

பேரனுக்குச் சளி போய்விட்டதா?